இரண்டு குப்பிகளுக்கு ஒரே நடை

நேரத்தைப் பற்றி நான் சொல்லும் எதையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறையில் மணி நான்கு என்பது என் நினைவு. இரண்டரைதான், சாப்பிட்ட தட்டைக்கூட இன்னும் கழுவவில்லை என்கிறாள் என் மனைவி. என் தங்கைக்கு மணி நினைவில்லை. நான் எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறதாம். "ரொம்ப நேரம்" என்கிறாள். என் மனதில் அது ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் நேரத்தைத் தப்பாக எழுதியவன் நான். ஆகவே அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும்.

பெரிய மருத்துவமனை ஒன்றில் இதய ஆபரேஷன் தியேட்டரில் உதவியாளனாக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருவது, மேசைக்கு மாற்றுவது, ரத்தப் பை வாங்கி வருவது, மற்ற நேரத்தில் காத்திருப்பது. காத்திருப்பதுதான் அதிகம். அதனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். தியேட்டரில் என்னை 'நூலகம்' என்று கூப்பிடுவார்கள். "நூலகம், ரெண்டு யூனிட் ரத்தம்" என்று நர்ஸ் குரல் கொடுத்தால், அவர் கதவை மூடுவதற்குள் நான் தாழ்வாரத்தின் மறுமுனையில் இருப்பேன். பேச்சில் மந்தம், நடையில் வேகம் என்று பெயர் வாங்கியவன்.

என் தங்கை எனக்குப் பதினான்கு வயது இளையவள். பிறந்தபோது சுண்டுவிரல் கனம்தான் இருந்தாள் என்று 'சுண்டு' ஆனாள். அதே வளாகத்தின் மறுகோடியில், ஆராய்ச்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இதை யாரிடமாவது சொல்லும்போது என் குரல் மாறிவிடுகிறது என்று மனைவி கேலி செய்வாள். மாறினால் மாறட்டும்.

அவளுடைய வேலைக்கு மனித ரத்தக்குழாய் தேவைப்பட்டது. பைபாஸ் அறுவை சிகிச்சையில் நோயாளியின் உடம்பிலிருந்தே குழாய் எடுத்து இதயத்தில் இணைப்பார்கள். வேண்டிய நீளத்துக்கு வெட்டியபின் நகம் அளவுக்கு ஒரு நுனி மீந்துவிடும். வழக்கமாக அது குப்பைக்குப் போவது. நோயாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த நுனி ஒரு குப்பியில், பனிக்கட்டிப் பெட்டிக்குள், சுண்டுவிடம் போகும். கொண்டுபோவது நான்.

ஒருமுறை அவள் செய்வதை அருகிலிருந்து பார்த்தேன். நுனியிலிருந்து மோதிரம் மோதிரமாக வெட்டினாள். ஒரு மோதிரத்தை முடியளவு மெல்லிய இரண்டு கம்பிகளில் மாட்டி, வெதுவெதுப்பான நீருக்குள் இறக்கினாள். நீரில் காற்றுக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டு மருந்து விட்டாள். மோதிரம் இறுகியது, திரையில் கோடு ஏறியது. இன்னொரு சொட்டு விட்டாள். மோதிரம் தளர்ந்தது, கோடு இறங்கியது. ஆள் அங்கே தைத்த நெஞ்சோடு மயக்கத்தில் கிடக்கிறார். அவருடைய ஒரு துண்டு இங்கே சொன்னபடி கேட்கிறது. அன்று திரும்பி வரும்போது யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. கோயிலிலிருந்து வருகிறவன் போல நடந்தேன்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களின் குழாய்க்கும் இல்லாதவர்களின் குழாய்க்கும் என்ன வேறுபாடு என்பதுதான் அவள் கேள்வி. இரண்டு பேர் சம்மதிக்கும் நாளில் ஒரு ஜோடி: சர்க்கரை உள்ளவரிடமிருந்து ஒன்று, இல்லாதவரிடமிருந்து ஒன்று. வெட்டிய இருபது நிமிடத்துக்குள் குப்பி தன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே கண்டிப்பு. குப்பியோடு வரும் சீட்டில், வெட்டிய நேரத்தை நான் எழுத வேண்டும்.

தியேட்டரிலிருந்து அவளிடம் போக, எண்ணிப் பார்த்தால், நானூற்றுப் பன்னிரண்டு காலடி. தாழ்வாரம், சரிவுப் பாதை, முற்றம், பிறகு மூன்று மாடிப் படிகள். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். முதல் சில வாரங்கள் ஒரு நாளைக்கு இரண்டு நடை, ஆளுக்கொரு குப்பி, ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்தில். அப்புறம் என் வலது கெண்டைக்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. நூற்றைம்பது அடி நடந்ததும் யாரோ உள்ளிருந்து முறுக்கிப் பிழிவது போல இருக்கும். நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நிற்க வேண்டி வந்தால் சுவரில் எது ஒட்டியிருக்கிறதோ அதன் முன்னால் நிற்பேன். தீயணைப்பு அறிவிப்பு, பழைய டெண்டர், கை கழுவும் முறை. நூலகம் எதையாவது படித்துக்கொண்டு நிற்பதில் யாருக்கு என்ன ஆச்சரியம்? 'தீப்பிடித்தால் செய்ய வேண்டியவை' இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

ஆனால் வழியில் நின்று நின்று குப்பியைக் கொண்டுபோவதை யாராவது பார்த்தால்? முக்கியமாக அவள் மாடிச் சன்னலிலிருந்து பார்த்தால்? அதை நினைத்தாலே கூசியது. ஒருநாள் முதல் குப்பியை தியேட்டர் அலமாரியிலேயே வைத்துவிட்டு, இரண்டாவது வந்ததும் இரண்டையும் சேர்த்து ஒரே நடையாகக் கொண்டுபோனேன். இரண்டு சீட்டிலும் ஒரே நேரத்தை எழுதினேன். "ரெண்டும் சேர்ந்தே வருதே" என்றாள் சுண்டு. "இப்பல்லாம் ரெண்டு டேபிளும் ஒரே நேரத்துல ஓடுது" என்றேன். இரண்டு அறைகள் இருந்தது உண்மை. ஆனால் இதய-நுரையீரல் இயந்திரம் ஒன்றுதான். ஒரு ஆபரேஷன் முடியாமல் அடுத்தது தொடங்காது. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே யாரும் அதை அவளிடம் சொன்னதில்லை.

இன்னொன்றும் அப்படித்தான். சர்க்கரை நோயாளிகள் வெகுநேரம் வெறும் வயிற்றோடு காத்திருக்கக் கூடாது என்பதால் எப்போதும் அவர்களைத்தான் முதலில் மேசைக்கு ஏற்றுவார்கள். அதாவது அலமாரியில் நான்கு மணி நேரம், பனிக்கட்டி உருகித் தண்ணீராகும்வரை, காத்திருந்தது எப்போதும் சர்க்கரை உள்ளவரின் குப்பி. எனக்கு அது ஒரு குப்பி மட்டும்தான். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இருபத்து மூன்று ஜோடிகள். சுண்டுவுக்குப் பெரிய கூட்டமொன்றில் பேச அழைப்பு வந்தது. வெளியூர்களிலிருந்தெல்லாம் பெரிய ஆட்கள் வருவார்கள். அதற்குப் பதினோரு நாள் முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றிவிட்டு அங்கே சின்ன புரொஜெக்டரில் படங்களை விழச் செய்தாள்.

"அண்ணி, ஒண்ணுமே தெரியாத ஆள் மாதிரி கேளுங்க."

"மாதிரி எதுக்கு? நிஜமாவே தெரியாது. நீ ஆரம்பி" என்றாள் என் மனைவி, கையில் தட்டோடு.

"ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல் ஒட்டியிருக்கு. பார்த்தா சும்மா பூச்சு மாதிரி. ஆனா அதுதான் முதலாளி. அது ஒரு வாயுவை விடும், நைட்ரிக் ஆக்சைடு. அது பட்டா சுவர்ல இருக்கற தசை தளரும், குழாய் விரியும், ரத்தம் சுலபமா போகும்."

"சரி. யாரு கெடுக்கறது?"

"ஆக்சிஜன்தான். நாம மூச்சுல இழுக்கறது இல்ல, அரைகுறையா மாறின ஆக்சிஜன். அது எதையாவது பிடிச்சுக் கடிச்சுக்கிட்டே இருக்கும். முதல்ல அந்த நல்ல வாயுவைத்தான் தின்னும். அப்புறம் குழாய் தளர மாட்டேங்குது. சுவருக்குள்ள போற கொழுப்பையும் அது கெடுக்கும். கெட்டுப்போன கொழுப்பை வெள்ளணுக்கள் விழுங்கி, விழுங்கி, வீங்கி, அங்கேயே உக்காந்துடும். அதுதான் அடைப்போட ஆரம்பம்."

"வெட்டி வெச்ச ஆப்பிள் கறுக்குதே, அதுவா?"

"கிட்டத்தட்ட. ஆனா ஆப்பிளுக்குக் காத்து வெளியிலேர்ந்து வருது. இங்க சுவருக்குள்ளயே அடுப்பு இருக்கு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிகரெட், எல்லாம் அந்த அடுப்பைத் தூண்டிவிடற கைங்க." சிகரெட் என்னும்போது என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"அப்போ அதை அணைக்க வைட்டமின் மாத்திரை போட்டா போச்சு!"

"ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்துப் பார்த்தாச்சு அண்ணி. பெருசா ஒண்ணும் நடக்கல. எந்த வீட்ல எரியுதுன்னு தெரியாம தெரு முழுக்கத் தண்ணி ஊத்தினா? அதான், எங்க எரியுதுன்னு நான் தேடறேன்."

அடுத்த படத்தில் இரண்டு வளையங்கள். ஒன்று மங்கல். இன்னொன்று சுவரெல்லாம் சிவப்பாக ஒளிர்ந்தது. கெட்ட ஆக்சிஜன் இருக்குமிடத்தில் சிவக்கும் சாயம் அது. சர்க்கரை உள்ளவரின் குழாய் சிவப்பு. தளராததும் அதுவே. இருபத்து மூன்று ஜோடியிலும் ஏறக்குறைய அப்படியே. என் மனைவி வாயில் கைவைத்துப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு விம்மியது. எங்கள் வீட்டுச் சுவரில், நாள்காட்டி ஆணிக்குக் கீழே, என் தங்கை கண்டுபிடித்தது.

"இதுல ஒரு சிக்கல்" என்று தொடர்ந்தாள். "உடம்புலேர்ந்து வெட்டினதுமே எந்தக் குழாயும் தானா கெட ஆரம்பிக்கும். நல்ல குழாய்கூட நேரம் ஆச்சுன்னா தளராது, சிவக்கும். யார் கேட்டாலும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க. அதுக்கு என் பதில்..." படம் மாறியது. இருபது நிமிடம் என்று பெரிதாக எழுதி, கீழே நான் எழுதிய சீட்டுகளில் ஒன்றின் படம். "இருபது நிமிஷத்துக்கு மேல ஒரு குப்பிகூட தாண்டினதில்ல. எங்க அண்ணன் நடைதான் இந்த ஆராய்ச்சிக்கு முதுகெலும்புன்னு சொல்லப்போறேன்."

மனைவி கைதட்டினாள். என் கையெழுத்து சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. பன்னிரண்டு நாற்பது என்றிருந்தது. அந்தக் குப்பியில் இருந்த நுனி வெட்டப்பட்டது ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால்.

 அவள் பேசிக்கொண்டே போனாள். "இதயத்துல மட்டும் இல்ல. காலுக்குப் போற குழாய்ல இதே அடைப்பு வந்தா, கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலைப் பிடிக்கும். நின்னா விட்டுடும். மறுபடி நடந்தா அதே தூரத்துல மறுபடி. நிறையப் பேர் வயசாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க."

"உங்க அண்ணன் போஸ்டருக்குப் போஸ்டர் நிக்கறாரே, அந்த மாதிரியா?" என்று சிரித்தாள் என் மனைவி. பாதியில் சிரிப்பு நின்றது. "ஏங்க? போன வாரம் பஸ் ஸ்டாப்புக்குப் போறப்ப ஒரு சுவர் முன்னாடி நின்னீங்களே. அதுல ஒண்ணுமே ஒட்டியிருக்கலையே?"

சுண்டு தரையில் உட்கார்ந்தாள். என் பாதத்தைப் பிடித்து, அதன் மேல் இரண்டு விரலை வைத்தாள். இடது காலில் உடனே நாடி கிடைத்தது. வலது காலில் விரலை நகர்த்தினாள், அழுத்தினாள், கண்ணை மூடிக்கொண்டாள், மறுபடி நகர்த்தினாள்.

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"எவ்வளவு தூரத்துல பிடிக்குது?"

"நூத்தம்பது அடி."

"அட லூசு அண்ணா, யார்கிட்டயாவது சொல்ல மாட்டே?" என்று திட்ட ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். விரல்கள் இன்னும் என் பாதத்தின் மேல். அவள் முகத்தில் கணக்கு ஓடுவதைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த முகம் அது. விடை வருவதற்கு முன்னால் கீழுதட்டைக் கடிப்பாள். கடித்தாள்.

"இந்தக் காலோட நீ எப்படி ரெண்டு நடை..."

பொய் வாயில் தயாராக இருந்தது. லிஃப்ட்காரன் தெரிந்தவன், ஏற்றிக்கொள்வான் என்று சொன்னால் போதும். அவள் நம்பியிருப்பாள். பதினோரு நாளில் கூட்டம், பிறகு பட்டம். எல்லாம் அது பாட்டுக்கு நடந்திருக்கும். அந்த மௌனம்தான் அவள் ரொம்ப நேரம் என்கிற மௌனம். உள்ளே நான் எங்கெங்கோ போய்வந்தேன். சுவரில் பன்னிரண்டு நாற்பது இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"ரெண்டு நடை இல்ல, சுண்டு" என்றேன். "ஒரே நடை."

எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரி, ஒற்றை இயந்திரம், யாரை முதலில் ஏற்றுவார்கள் என்பது. அவள் திட்டவில்லை, அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "முதல் வாரங்கள்ல? அப்போ ரெண்டு நடை வந்தியா?"

"அப்போ வந்தேன். உண்மையாவே."

விரல்களை என் பாதத்திலிருந்து எடுத்தாள். "இந்த இருபத்து மூணுக்கு முன்னாடி செஞ்ச முதல் ஆறு ஜோடில வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம் இருந்துச்சு. என் கை இன்னும் பழகல, அதான் சரியா வரலன்னு அதை ஒதுக்கி வெச்சேன். சரியா இருந்தது அது மட்டும்தான்." எழுந்து சுவரில் இருந்த படத்தை அணைத்தாள். பிறகு, "நீ நேரத்தை மறைச்சே. எனக்குப் பிடிக்காததை நான் மறைச்சேன். ஒரே குடும்பம்தான்" என்றாள்.

"வாங்க ரெண்டு பேரும், தட்டையாவது கழுவலாம்" என்றாள் என் மனைவி. அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது.

மறுநாள் சுண்டு தியேட்டர் பதிவேட்டை எடுத்து உண்மையான நேரங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். பிறகு தன் பேராசிரியரிடம் போனாள். அந்த அம்மாவை எல்லோரும் 'தராசு' என்பார்கள். எந்த வார்த்தையையும் நிறுத்துத்தான் தருவார். அறைக்கு வெளியே பெஞ்சில் நான் இருந்தேன். கதவு சரியாக மூடவில்லை.

"உடம்பு சரியில்லன்னு பேச்சை ரத்து பண்ணிடலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றார் தராசு.

"பேசறேன் மேடம். நடந்ததைப் பேசறேன்."

"உன் பேரு?"

"எப்படியும் என் பேருதானே மேடம். நல்லா இருந்தப்ப மட்டும் என் பேரா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு தராசு, "எத்தனை நாள் இருக்கு?" என்றார்.

பத்து நாள் இருந்தது. ஒரே ஆளின் நுனியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை உடனேயும் மறு பாதியை நான்கு மணி நேரம் கழித்தும் சோதிப்பது என்று முடிவு செய்தார்கள். யார் கொண்டுவருவது? வேறு ஆள் போடலாம் என்றார் தராசு. நான் கொண்டுவருகிறேன் என்றேன். அன்று காலையில்தான் சுண்டு என்னை அழைத்துப் போய்க் காட்டிய மருத்துவர் சொல்லியிருந்தார்: வலி வரும்வரை நட, நில், விட்டதும் மறுபடி நட, அதுதான் இந்தக் காலுக்கு வைத்தியம் என்று.

முதல் குப்பியோடு கிளம்பினேன். சரிவுப் பாதையில் பிடித்தது. நின்றேன். எந்தக் காகிதத்தையும் பார்க்காமல், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நட்டநடுவில் சும்மா நின்றேன். தெரிந்த நர்ஸ் ஒருவர் "என்ன நூலகம், படிக்க ஒண்ணும் இல்லையா?" என்றார். "கால்வலி சிஸ்டர்" என்றேன். சொல்லிவிட்டேன், வானம் இடிந்து விழவில்லை. படிக்கட்டில் இன்னொரு முறை நின்றேன். மூன்றாவது மாடியில் சுண்டு கடிகாரத்தோடு நின்றாள்.

"பதினாலு நிமிஷம்" என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு முறை நின்றும், எல்லோரும் பார்க்க நொண்டியும், பதினான்கு நிமிடம். பொய்க்குத் தேவையே இருந்ததில்லை. அதைவிடக் கனமான ஒரு விஷயத்தை என் வாழ்க்கையில் நான் தூக்கியதில்லை.

கூட்டத்துக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. மனைவி என் பக்கத்தில், மடியில் என் மாத்திரைப் பையோடு. சுண்டு மேடையேறி, இருபத்து மூன்று ஜோடிகளின் படத்தைக் காட்டினாள். அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "இது தப்பு" என்றாள். பிறகு ஏன் தப்பு என்று சொன்னாள். காத்திருந்த பாதியின் படத்தைப் போட்டாள். சர்க்கரையே இல்லாதவரின் குழாய், நான்கு மணி நேரத்தில் அதே சிவப்பு. ஒதுக்கிவைத்த ஆறு ஜோடிகளையும் போட்டாள். வேறுபாடு இருந்தது, சிறியதாக. அது நிஜமா என்று இப்போது தன்னால் சொல்ல முடியாது, முதலிலிருந்து மறுபடி செய்யப் போகிறேன் என்றாள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "கொண்டுவர்ற ஆள் பண்ண தப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? ஆளை மாத்தினீங்களா?"

என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"இல்லங்க. தியேட்டருக்கும் என் மேஜைக்கும் நானூத்திப் பன்னிரண்டு அடி. ஒரு வருஷத்துல ஒரு நாள்கூட நான் அதை நடந்து பார்க்கல. நடந்திருந்தா, அங்க இயந்திரம் ஒண்ணுதான்னு முதல் நாளே தெரிஞ்சிருக்கும். தப்பு என்னோடது" என்றாள். "இதை வெளியில கொண்டுவந்தது, கொண்டுவர்ற அதே ஆளோட வாய்தான்."

பெரியவர் உட்காரவில்லை. நின்றபடியே கைதட்டினார். எத்தனை பேர் தட்டினார்கள், எவ்வளவு நேரம் என்று சொன்னால் என் நினைவை நானே நம்ப மாட்டேன். என் மனைவி மாத்திரைப் பையைக் கீழே போட்டுவிட்டாள். அதைப் பொறுக்கக் குனிந்தவன் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. சுண்டுவை நான் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளில் இருந்து அவளால் எனக்குப் பெருமை. ஆனால் அதுவரை நான் பெருமைப்பட்டதெல்லாம் அவள் சரியாகச் செய்தவற்றுக்காக மட்டும்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுண்டுவுக்குப் பட்டம் இரண்டு வருடம் தாமதமாகக் கிடைத்தது. புதிதாகச் செய்த நாற்பது ஜோடிகளில் அந்தச் சிறிய வேறுபாடு தங்கியது. அதை எழுதி வெளியிட்டாள். தராசு ஓய்வு பெற்றார். அந்த அறை இப்போது சுண்டுவுடையது. சீட்டில் நேரத்தை இப்போது தியேட்டர் நர்ஸ் எழுதிக் கையெழுத்திடுகிறார். புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள் முதல் நாள் அந்த நானூற்றுப் பன்னிரண்டு அடியை நடந்து பார்க்க வேண்டும். சிகரெட்டை நான் மூன்றாவது முயற்சியில் விட்டேன். வலது காலில் நாடி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அறுநூறு அடி நிற்காமல் நடக்கிறேன். என் மனைவி கூடவே நடக்கிறாள். வழியில் நான் ஏதாவது அறிவிப்பைப் படிக்க நின்றால், உண்மையாகவே படிக்கிறேனா என்று அவளும் படித்துப் பார்க்கிறாள்.